யார் வைத்த மருந்து?

மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக, அதாவது ரெப்பாக, இருபத்தோரு வருடம் நான் தோளில் சுமந்த பையில், முதல் இரண்டு வருடம் போக, எப்போதும் ஒரு படம் இருந்தது. கம்பெனி மாறும், மாத்திரை மாறும், படம் மட்டும் மாறாது. இரண்டு நரம்பு முனைகள் எதிரெதிரே நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குச் சின்னச் சின்ன உருண்டைகள் தாவும். இடது பக்கம் உருண்டைகள் குறைவு. அங்கே ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலது பக்கம் உருண்டைகள் நிறைய; அதே பெண் பூங்காவில் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். நடுவில் எங்கள் மாத்திரை. டாக்டர்களிடம் விரித்துக் காட்டும் படப் புத்தகமான விஷுவல் எய்டில் அந்தப் பக்கம் வந்ததும் பேனா முனையால் உருண்டைகளைத் தொட்டு, "செரட்டோனின் லெவல் சார்" என்று நான் சொல்ல வேண்டும். நரம்புகளுக்கு நடுவே செய்தி கொண்டுபோகும் ஒரு ரசாயனம் அது. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

கடலூர்தான் எனக்கு ஹெட்குவார்ட்டர்ஸ். பாண்டி, விழுப்புரம், நெய்வேலி, சிதம்பரம் எல்லாம் எக்ஸ்-ஸ்டேஷன், போய்விட்டு அன்றே திரும்பும் ஊர்கள். 2000-இல் ரெப்பாகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் இருமல் டானிக்கும் சத்து மாத்திரையும் விற்ற பிறகு மனநல மருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். கூட இருந்த பையன்கள் கிண்டலடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம், நீல மையில், எங்கள் வீட்டிலேயே.

1994 ஆடி மாதம். அண்ணனுக்கு இருபத்தொரு வயது. ஐ.டி.ஐ. முடித்து நெய்வேலியில் அப்ரண்டிஸாக இருந்தான். தெருமுனை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற விளக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் அது தன் பெயரைச் சொல்கிறது என்றான். நாங்கள் சிரித்தோம். ஸ்பீக்கரை அவிழ்த்து எடுத்துப் போன பிறகும் கேட்கிறது என்றபோது சிரிப்பு நின்றது. வேலைக்குப் போகவில்லை. குளிக்கவில்லை. ஈரத்துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

"யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். சோற்றில் கலந்து கொடுப்பது, இடுமருந்து. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளின் புத்தியைக் கெடுக்கும் என்பார்கள். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒருவரிடம் அண்ணனைக் கூட்டிப்போனோம். அவர் ஏதோ குடிக்கக் கொடுத்து, வாந்தி எடுக்க வைத்து, மயிரும் மண்ணுமாக ஒரு உருண்டையை வெற்றிலையில் வைத்துக் காட்டினார். முந்நூறு ரூபாய். "எங்க சாப்பிட்டான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே அத்தை யோசித்து முடித்துவிட்டாள். நெய்வேலியில் அவன் இரண்டு தடவை சாப்பிடப் போன ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு பெண். பாவம், அவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

நோயைக் கொடுப்பதும் மருந்து, நோயைத் தீர்ப்பதும் மருந்து. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். பின்னாளில் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு திரியும்போது இது அடிக்கடி ஞாபகம் வரும்.

அப்பாவுக்கு வேறு கணக்கு. ராத்திரி கண்விழித்ததால் சூடு தலைக்கேறிவிட்டது என்றார். பித்தம். பித்து, பித்தன் என்ற சொற்களில் ஏற்கெனவே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து அண்ணன் தலையில் தேய்த்து அவரே குளிப்பாட்டினார். அது கேட்காமல், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில். ஊஞ்சல் உற்சவத்தன்று அந்தக் கூட்டத்தில் எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். ஒரு அம்மா தன் மகளின் இடுப்பில் கட்டிய சேலைத் தலைப்பைத் தன் மணிக்கட்டில் முடிந்து வைத்திருந்தாள். தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். அண்ணன் வரும் வழியெல்லாம் பேசவில்லை.

அப்புறம்தான் டாக்டர்.

முதலில் பார்த்தவர் வயதானவர், நல்ல பெயர் உள்ளவர். அண்ணனிடம் பத்து நிமிடம் பேசினார், பிறகு அவனை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பிள்ளைய எப்படி வளர்த்தீங்க? ரொம்பப் பொத்திப் பொத்தி வச்சிருந்தீங்களா, இல்ல அடிப்பீங்களா?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் அம்மா அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஆறு வயதில் அவன் உண்டியலில் காசு எடுத்ததற்காக ஒரு மத்தியானம் முழுக்க அறையில் போட்டுப் பூட்டியது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது, "அன்னைக்குப் பூட்டினனே, அதனாலயா டாக்டரய்யா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, விடுங்கள் என்று ஆட்டினாரா தெரியாது. அன்றிலிருந்து ஒரு வருடம் அம்மா சரியாகத் தூங்கவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மருத்துவர் 1948-இல், மனச்சிதைவை, அதாவது அண்ணனுக்கு வந்த ஸ்கிசோஃப்ரினியாவை, உண்டாக்கும் தாய் என்று ஒரு சொல்லை எழுதினார். அன்பு காட்டாத, அதே சமயம் பிள்ளையை விடவும் விடாத தாய். இருபது முப்பது வருடம் அது அங்கே ஓடியது. எத்தனை தாய்மார்கள் அந்தச் சொல்லைச் சுமந்தபடி செத்தார்களோ. ஆராய்ந்து பார்த்ததில் ஒன்றும் நிற்கவில்லை, கைவிட்டுவிட்டார்கள். லண்டன்காரர்கள் பின்னால் கண்டுபிடித்தது வேறு: வீட்டில் ஓயாத குறைசொல்லும் வெறுப்பும் இருந்தால், குணமாகி வந்தவருக்கு நோய் மறுபடி திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி, எதனால் திரும்பி வருகிறது என்பது இன்னொரு கேள்வி. நம் டாக்டர் எதை மனதில் வைத்துக் கேட்டாரோ, அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.

1995-இல் பாண்டியில் இன்னொரு டாக்டர். இளைஞர், மீசையில்லாதவர், வேகமாகப் பேசுவார். அம்மா பூட்டிய அறைக் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு இரண்டு கோடு, நடுவில் ஏழெட்டுப் புள்ளிகள் வைத்தார். "இங்க பாருங்கம்மா, மூளையில இந்தக் கெமிக்கல் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. டோபமின்னு பேரு. உங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா? சுகர் வந்தா யார் வளர்ப்ப குத்தம் சொல்லுவீங்க? அது மாதிரிதான் இது."

அம்மா அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து பேருந்து நிலையத்தில் எங்கள் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். அவளாக ஒன்று வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ரேஷன் கார்டு, பத்திரம், தாலிக்கொடி ரசீது எல்லாம் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் அந்தப் படமும் போயிற்று. யாராவது சொந்தக்காரர்கள் வந்து ஒரு மாதிரிப் பேசினால், எழுந்து போய் எடுத்து வந்து காட்டுவாள். "கெமிக்கலு" என்பாள். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நான் அதே படத்தைக் கலரில் விற்க ஆரம்பித்தபோது எனக்கு இருந்த மனநிலையை இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். என் அம்மாவைத் தூங்க வைத்த படம். கொஞ்சம் பக்தியோடுதான் காட்டினேன்.

ரெப் வேலையில் ஒரு லாபம் உண்டு. டாக்டர்கள் கேட்கும் ஆய்வுக் கட்டுரைகளைக் கம்பெனியிலிருந்து வரவழைத்துக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் பாண்டி பஸ்ஸில் உட்கார்ந்து படிப்பேன். பாதி புரியாது. புரிந்த பாதியே என் பக்தியைக் கலைக்கப் போதுமானதாக இருந்தது. நான் என்னவோ முதலில் காரணத்தைக் கண்டுபிடித்து, அப்புறம் அதற்கு மருந்து செய்தார்கள் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். குளோர்ப்ரோமசின் அறுவை சிகிச்சையில் நோயாளியைச் சாந்தப்படுத்த எடுத்த மருந்து. 1952-இல் பாரிஸில் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குரல்கள் அடங்கின. அது டோபமினை மறிக்கிறது என்ற யோசனை வருவதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. மருந்து டோபமினை மறிக்கிறது, ஆகவே நோய் டோபமின் கூடியதால் வந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி நடந்து போய்க் காரணத்தைச் சேர்ந்தார்கள். டோபமின் ஆராய்ச்சிக்காக ஆர்விட் கார்ல்சனுக்கு நோபல் கிடைத்தது, நான் பை தூக்க ஆரம்பித்த அதே 2000-இல்.

மனச்சோர்வுக் கதையும் அப்படித்தான். ஐப்ரோனியாசிட் காசநோய்க்கு வந்த மருந்து. 1952-இல் நியூயார்க்கில் ஒரு காசநோய் மருத்துவமனையில் அதைச் சாப்பிட்டவர்கள் நுரையீரல் இருக்கட்டும் என்று வார்டில் உற்சாகமாக ஆடினார்கள். இன்னொரு பக்கம் நம் ஊர் சர்ப்பகந்தி. அந்த வேர் ரத்த அழுத்தத்தையும் பித்தையும் தணிக்கிறது என்று 1931-இலேயே வங்காளத்து மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியிருக்கிறார்கள். அதிலிருந்து பிரித்த ரெசர்பினைப் பி.பி.க்குச் சாப்பிட்ட சிலர் சோர்ந்து போனதாகச் சொன்னார்கள். ரெசர்பின் மூளையில் சில ரசாயனங்களைக் குறைக்கிறது, காசநோய் மருந்து கூட்டுகிறது. அப்படியானால் குறைந்தால் சோர்வு, கூடினால் உற்சாகம். 1965-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசப் ஷில்ட்கிராட் இதையெல்லாம் சேர்த்து ஒரு கருதுகோளாக எழுதினார். கருதுகோள் என்றுதான் எழுதினார். எங்கள் விஷுவல் எய்டில் அந்தச் சொல் இல்லை.

பாண்டியில் ஒரு பெரிய டாக்டரை மாதம் இரண்டு முறை பார்ப்பேன். கடைசி டோக்கன் போக ராத்திரி ஒன்பதரை ஆகும். கூட்டம் அதிகமான நாட்களில் ரெப்பையும் உள்ளே விட்டுவிடுவார்கள், மூலையில் நிற்க வேண்டும். சரியில்லைதான். ஆனால் அப்படித்தான் நடக்கும். ஒரு நாள் ஒரு மாமியார் மருமகளைக் கூட்டி வந்திருந்தார். மருமகள் மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழவில்லை. "நடிக்கிறா டாக்டர், வேல செய்ய ஒடம்பு வணங்கல" என்றார் மாமியார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்தப் படத்தக் குடு" என்றார். என் விஷுவல் எய்டை வாங்கி, மாமியாருக்கு உருண்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, என்னை விட நன்றாக டிடெயிலிங் செய்தார், ரெப் மருந்தை விளக்கிச் சொல்வதற்கு அதுதான் பெயர். மாமியார் முகம் மாறியது. "கெமிக்கலா? அப்ப அவ வேணும்னு பண்ணலியா?"

அடுத்த மாதம் அதே பெண் தன் அக்காவோடு வந்திருந்தாள். இந்த முறை படமும் இல்லை, உருண்டையும் இல்லை. "வீட்ல என்ன நடக்குது, சொல்லும்மா" என்று ஆரம்பித்தார். நான் நானாகவே வெளியே போய் நின்றுகொண்டேன். நாற்பது நிமிடம்.

அன்று எல்லோரும் போன பிறகு, பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை எனக்கும் ஊற்றினார். கேட்டுவிட்டேன். "சார், அந்தப் படத்த நீங்க நம்புறீங்களா?"

அவர் சிரித்தார். "எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கங்கறதப் பொறுத்து." பிறகு கொஞ்சம் யோசித்து, "பரீட்சையில நாங்க எல்லாரும் ஒரே பதில்தான் எழுதுவோம். 1977-ல எங்கல்னு ஒரு ஆள் சொன்னது. ஒடம்பு, மனசு, சமுதாயம், மூணும் சேந்துதான் வியாதி. நானும் எழுதினேன், இப்ப பசங்களும் எழுதறாங்க. ஆனா ஓ.பி.யில ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கிடைச்சா அதிகம். அஞ்சு நிமிஷத்துல கேட்டு முடிக்கக்கூடிய காரணம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது உன் பையில இருக்கு" என்றார்.

"அப்ப உண்மையான காரணம் சார்?"

"தெரிஞ்சிட்டா அது எங்க வியாதியா இருக்காதுப்பா." நான் முழித்ததைப் பார்த்து விளக்கினார். நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் கணிசமான பங்கு ஒரே வகை நோயாளிகள். தங்களை ராஜா என்பார்கள், கோடீஸ்வரன் என்பார்கள், பிறகு கை கால் விழுந்து சாவார்கள். பரம்பரை என்றார்கள், ஒழுக்கக்கேடு என்றார்கள், மூளையை அதிகம் வேலை வாங்கியது என்றார்கள். 1913-இல் நோகுச்சி, மூர் என்ற ஆராய்ச்சியாளர்கள் அவர்கள் மூளையில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெனிசிலின் வந்தது. நோய் வேறு துறைக்குப் போய்விட்டது. வலிப்பும் அப்படித்தான் போயிற்று. "தைராய்டு டெஸ்ட் எடுத்து அதுல கோளாறுன்னு தெரிஞ்சா, சோர்வா வந்த பொண்ண நான் பிசிஷியன்கிட்ட அனுப்பிடறேன் இல்ல? மிச்சம் இருக்கறது தான் என்னோடது" என்றார்.

குடி மட்டும் விதிவிலக்கு என்பார் அவர். பாண்டி எல்லையில் முள்ளோடை தாண்டினால் வரிசையாக மதுக்கடைகள். கடலூரிலிருந்து மாலை பஸ்ஸில் போய் ராத்திரி பஸ்ஸில் திரும்பும் கூட்டம் ஊருக்கே தெரியும். திடீரென்று நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கி, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று அலறிக்கொண்டு வருவார்கள். "காரணம் எனக்குத் தெரிஞ்ச ஒரே கேஸ் இதுதான். அட்ரஸோட தெரியும்" என்பார்.

2004 டிசம்பர் 26-க்கு அடுத்த வாரம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. தேவனாம்பட்டினத்துக்காரர்கள் தங்கியிருந்த ஒரு கல்யாண மண்டபத்துக்கு இன்னொரு டாக்டரோடு போனேன். அவர் கெமிக்கல் கட்சியில் தீவிரமானவர். மனசு என்ற சொல்லையே உபயோகிக்க மாட்டார், மூளை என்றுதான் சொல்வார். நான் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பதற்ற மாத்திரை சாம்பிள் கொண்டுபோயிருந்தேன். உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "மாத்திரைய வண்டியிலயே வை. பாய் எங்க கிடைக்கும்னு விசாரி" என்றார். ஈரத்தரையில் குழந்தைகள் படுத்திருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு கடைகளில் இருந்த கோரைப்பாய் மொத்தத்தையும் வாங்கினோம். அந்த மாதம், எந்த டாக்டரைப் பார்த்தேன் என்று கம்பெனிக்கு எழுதும் டெய்லி கால் ரிப்போர்ட்டில் பாய்க் கணக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிலருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது, அவரே கொடுத்தார்.

கெமிக்கல் படத்துக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு, பரம்பரை. அது எங்கள் வீட்டில் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் தங்கைக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு வரன். எல்லாம் பேசி முடிந்து, பூ வைக்க நாள் குறித்த பிறகு, மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். "மனச்சிதைவு: தெரிந்துகொள்வோம்." அதில் மூன்றாவது பத்தி: இது பரம்பரையாகவும் வரலாம். கீழே எங்கள் கம்பெனியின் பெயர். விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கின் மேசையில் அதை அடுக்கி வைத்தது நான்தான்.

நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஒன்பது பத்து என்று ஆகும். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட, அத்தனை மரபணுவும் ஒன்றாக இருந்தும், மற்றவருக்கு வருவது அதிகபட்சம் பாதிதான். மரபணுவில் 287 இடங்கள் இதோடு தொடர்புடையவை என்று 2022-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. இதையெல்லாம் அந்தச் சித்தப்பாவிடம் அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். பிரசுரத்தை டீபாயில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு நிற்கவில்லை. பரம்பரை என்றால் யார் பரம்பரை? அப்பா வீட்டார் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மாவின் சித்தப்பா ஒருவர், இளம் வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்ச் சாமியாராக இருந்து சமாதியானவர். அதுவரை குடும்பப் பெருமையாகச் சொல்லப்பட்ட மனிதர், திடீரென்று நோயாளி ஆனார். வளர்ப்புக் குற்றத்திலிருந்து எழுந்த அம்மா ரத்தக் குற்றத்தில் உட்கார்ந்தாள். பெட்டியிலிருந்த நீல மைப் படம் இதற்கு உதவவில்லை. (தங்கைக்கு 2005-இல் நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகளும் இப்போது கல்லூரியில்.)

டாக்டர்களுக்கும் இந்த மாதிரித் தடுமாற்றம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மிரெஸ்கோ, கிர்மேயர் என்ற இருவர் மனநல மருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும் கற்பனை நோயாளிகளின் கதைகளைக் கொடுத்துக் கேட்டு, 2006-இல் எழுதினார்கள். பிரச்சினை மனதிலிருந்து வருகிறது என்று எந்த அளவுக்கு நினைத்தார்களோ, அந்த அளவுக்கு நோயாளியே அதற்குப் பொறுப்பு என்றும் நினைத்தார்கள். மூளையிலிருந்து வருகிறது என்றால் பாவம், அவர் என்ன செய்வார். உடம்பும் மனதும் ஒன்றுதான் என்று பரீட்சை எழுதி வந்தவர்கள்! சரி, அப்படியானால் மூளை என்றே சொல்லிவிட்டுப் போவோம் என்றால், அதிலும் ஒரு கண்ணி. நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடல் காரணம் சொன்னால் பழி குறைகிறது, ஆனால் இவர் இனித் தேறமாட்டார் என்ற எண்ணம் கூடுகிறது என்று 2013-இல் சொன்னார்கள். அடுத்த வருடம் இன்னொரு அமெரிக்க ஆய்வு: நோய்க்கு உயிரியல் விளக்கம் கொடுத்தபோது, சிகிச்சை செய்கிறவர்களுக்கே நோயாளி மேல் இரக்கம் குறைந்தது. கடைசிக் கட்டுரையைப் பாண்டிப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுக்குத்தான் நான் ரெண்டு படமும் வச்சிருக்கேன்" என்றார். இரண்டாவது படம் எது என்று நான் கேட்கவில்லை.

2022-இல் லண்டன் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர், செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியபோது நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வாட்ஸாப்பில் சுற்றியது. ஒரு சொந்தக்காரர் பார்த்துவிட்டு, ஆறு வருடமாகச் சாப்பிட்ட எஸ்சிடலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை அன்றே குப்பையில் போட்டார். நாலாம் நாள் எனக்கு போன்: "தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குடா." திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும், டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். காரணம் தப்பு என்பதால் மாத்திரை வேலை செய்யாது என்று ஆகிவிடாது. சூட்டுத் தலைவலிக்குப் பாரசிட்டமால் கேட்கிறது, அதனால் உடம்பில் பாரசிட்டமால் குறைந்துவிட்டது என்றா அர்த்தம்? இதைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப இத்தன வருஷம் நீ எங்ககிட்ட ஏன்டா அப்படிச் சொன்ன?"

பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எங்கம்மா தூங்கினாங்க, அதனால என்றுதான் சொல்லியிருப்பேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரியும். பூட்டிய அறையிலிருந்து ஒரு தாயைக் காப்பாற்ற ஏழெட்டுப் புள்ளி வைப்பது ஒன்று. அதையே கலரில் அச்சடித்து டார்கெட் வைத்து விற்பது வேறு. புள்ளி என்னவோ ஒன்றுதான்.

அம்மா 2019-இல் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே. அண்ணன் என்னோடுதான் இருக்கிறான். காலையில் பால் வாங்குவான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், சாயங்காலம் சில்வர் பீச் வரை நடந்துவிட்டு வருவான். ஸ்பீக்கர் இப்போதும் எப்போதாவது பேசும். "அது பாட்டுக்குப் பேசுது" என்பான். எதனால் வந்தது என்று அவனைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்வான். அப்ரண்டிஸ் ஹாஸ்டலில் ராத்திரி ஷிப்ட்டில் தூக்கம் கெட்டது என்பான். அந்த நெய்வேலிப் பெண் என்பான். ஒரு முறை, "உனக்கு ஏன் வரல, அதச் சொல்லு மொதல்ல" என்றான்.

இந்த வருடப் போகிக்கு அம்மாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து, எரிக்க வேண்டியதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பழைய ரேஷன் கார்டுகளுக்கு நடுவில் அந்தச் சீட்டு. மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகத் தொங்கியது. நீல மை ஊதாவாகியிருந்தது. இரண்டு கோடு, நடுவில் புள்ளிகள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. அண்ணனிடம் நீட்டினேன். ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

வாங்கினான். படத்தை ஒரு கணம் பார்த்தான், திருப்பினான். முன்பக்கம் மருந்து எழுதியிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தைக் கிட்டத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். ட்ரைஃப்ளூபெரசின், காலை ஒன்று, இரவு ஒன்று.

"இந்த மாத்திரலதான்டா எனக்கு நாக்கு இழுத்துக்கிச்சு. பஸ்ல. அம்மா அவங்க முந்தானையால வாயத் தொடச்சிகினே வந்தாங்க."

நாலு துண்டையும் ஒன்றாக அடுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனான்.